ஆறு சென்ரிமீற்றர்

வவுனியாவில் அது மூன்றாவது கடை. கிருபன் காற்சட்டைப் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்துத் தொட்டிலின் சட்டங்களுக்கு நடுவில் பிடித்ததைக் கல்லாவில் இருந்தவர் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"தம்பி தொட்டில் வாங்க வந்தனீங்களோ, வீடு கட்ட வந்தனீங்களோ?"

கடையில் நின்ற இரண்டு பெண்கள் சிரித்தார்கள். கிருபனும் சிரித்து வைத்தான். நாடாவைக் கொஞ்சம் தள்ளி அடுத்த இடைவெளியிலும் பிடித்துப் பார்த்தான்.

"எட்டரை சென்ரிமீற்றர் கிடக்கு, அண்ணை."

"கிடந்தா என்ன? பிள்ளை அதுக்குள்ளால இறங்கிப் பள்ளிக்கூடமே போகப்போகுது?"

"உடம்பு வெளியில வந்திடும். தலை வராது. கழுத்து மாட்டிக்கொள்ளும்."

பிள்ளையைப் பார்க்க வீட்டுக்கு வருகிற மருத்துவமாது தனக்குச் சொன்ன அதே குரலில் அவன் இதைச் சொன்னான். பெண்களின் சிரிப்பு நின்றுவிட்டது. கடைக்காரர் கணக்குக் கொப்பியைத் திறந்து, பார்க்க ஏதோ இருப்பதுபோலப் பார்க்கத் தொடங்கினார்.

கிருபன் மல்லாவியில் டைல்ஸ் பதிக்கிறவன். ஒரு குளியலறையின் நாலு மூலையும் ஒன்றுக்கொன்று எத்தனை மில்லிமீற்றர் விலகி நிற்கிறதென்று வாசலில் நின்றே சொல்லிவிடுவான். அன்று காலையிலிருந்து அவன் பார்த்த தொட்டில்களில் எதுவும் தேறவில்லை. முதல் கடையில் வெள்ளை மையடித்த ஒன்று. அதன் ஒரு பக்கம் இறக்கி ஏற்றுவதுபோலச் செய்திருந்தார்கள், தாய்க்குக் குனியாமல் பிள்ளையைத் தூக்க வசதியாம். அவன் இரண்டு தரம் உலுப்பினான். கொளுவி விலகி, பக்கம் முழுவதும் தடாரென்று கீழே வந்து விழுந்தது. இரண்டாவது கடையில் பார்க்க வடிவானது இருந்தது. தலையணை, உருளைத் தலையணை, சுற்றிவரப் பஞ்சு வைத்துத் தைத்த சீலை எல்லாம் சேர்த்தே விற்றார்கள். மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவில் அவனுடைய மூன்று விரல்கள் போயின. "அதுக்கு ஒரு துவாயை மடிச்சுச் செருகிவிடுங்கோ" என்றார்கள். மருத்துவமாது எதைச் செய்ய வேண்டாமென்று எழுதிக் கொடுத்திருந்தாவோ, அதுவேதான்.

அவன் வெளியே வந்து சைக்கிள்கள் நிறுத்துகிற இடத்தில் நின்றபோது, சிரித்த பெண்களில் ஒருத்தி பின்னாலேயே வந்தாள்.

"அண்ணா, குறை நினைக்காதேங்கோ. நெளுக்குளத்தில எங்கட அக்கா ஒரு ஆள் இருக்கிறா, ரீச்சர். அவவின்ர மகன் வளர்ந்திட்டான். கொழும்பில எடுத்த தொட்டில் ஒண்டு சும்மா கிடக்குது. போய் அளந்து பாருங்கோவன்."

அவன் நன்றி சொன்னான். நாடா இன்னும் கையில்தான் இருந்தது.

இப்படி ஒரு பொருளைத் தேடி அலைய வேண்டி வருமென்று ஒரு கிழமைக்கு முன்னர் அவன் நினைத்திருக்கவில்லை. வீட்டில் பிள்ளைக்குத் தொட்டில் தேவைப்படவில்லை. பிள்ளை கீழே வைக்கப்படவே இல்லை. பிறந்து இருபத்து மூன்று நாளும் அவன் மனைவி சாரங்கா மகளைக் கையிலேயே வைத்திருந்தாள். குளிக்கப் போகும்போது மட்டும் கிருபனிடம் தருவாள். தலையை முழுதாகத் துடைக்காமலே வந்து திருப்பி வாங்கிக்கொள்வாள். சாப்பாட்டை ஒரு கையால் பிசைந்தாள். செவ்வாய்க்கிழமை மருத்துவமாது தாட்சாயினி மிஸ் வீட்டுக்கு வந்தபோது முன்கதவு திறந்து கிடந்தது. சாரங்கா பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தபடியே தலை சரிந்து நித்திரையாகியிருந்தாள். பிள்ளை மார்பிலிருந்து வழுகி மடிக்கு வந்து, முகம் அவளுடைய சட்டை மடிப்புக்குள் புதைந்து கிடந்தது. மிஸ் ஓடிப்போய்த்தான் தூக்கினாவாம்.

அன்று கிருபன் வேலையிலிருந்து ஓடிவந்தான். மிஸ் அவனை முற்றத்துக்குக் கூட்டிப்போய்ச் சொன்னா.

"கையில வச்சிருக்கிறதுதான் இப்ப பெரிய ஆபத்து, கிருபன். மனுசர் எத்தினை நாளைக்கு நித்திரை முழிக்கலாம்? நல்ல தொட்டில் ஒண்டு பாருங்கோ."

கிளினிக் கொப்பியின் கடைசித் தாளைக் கிழித்து எழுதியும் தந்தா. சட்டங்களின் இடைவெளி ஆறு சென்ரிமீற்றருக்கு மேலே போகக்கூடாது, மெத்தை இறுக்கமாக இருக்க வேண்டும், பக்கங்களில் இரண்டு விரல் போகிற அளவுக்கு இடம் விடக்கூடாது, தலையணையும் பொம்மையும் உள்ளே வேண்டாம், நுளம்பு வலை கட்டினால் பிள்ளையின் முகத்தில் விழாமல் வெளியே இழுத்துக் கட்ட வேண்டும், நித்திரைக்குக் கிடத்தும்போது பிள்ளையை மல்லாக்காகவே வளர்த்த வேண்டும். கடைசி வரியின் கீழே இரண்டு கோடு போட்டிருந்தா.

மிஸ்ஸுக்கு மூத்தவனைத் தெரியும். அவனுக்கு முதல் ஊசி போட்ட நாளில் கிளினிக்கில் அவதான் நின்றவ.

மூத்தவன் லக்ஷன். மூன்று வருடத்துக்கு முன்னர், நூற்றி ஆறு நாள் வயதில், ஒரு சனிக்கிழமை மத்தியானம், கூரை வளையில் சீலையால் கட்டியிருந்த ஏணையில் செத்துப் போனான். சாரங்கா கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். கிருபன் வீட்டுக்குள்தான் இருந்தான். காய்ச்சல் இருக்கவில்லை, இருமல் இருக்கவில்லை. காலையில் கூடச் சிரித்தவன். திடீர் மரண விசாரணை அதிகாரி வந்தார், வைத்தியர் பார்த்தார். ஏணையில் கழுத்து மடிந்திருக்கலாம், அல்லது அதுவும் இல்லாமல் சில பிள்ளைகளுக்கு இப்படி நடக்கும், திட்டமாகக் காரணம் சொல்ல ஏலாது என்றார்கள். ஊரில் எல்லா வீட்டிலும் ஏணைதான். கிருபனும் சாரங்காவும் ஏணையில் வளர்ந்தவர்கள்தான். யாரையாவது குற்றம் சொல்ல முடிந்திருந்தால் அவர்களுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

நெளுக்குளத்து ரீச்சர் அவனுடைய நாடாவைப் பார்த்துச் சிரிக்கவில்லை. மறுமுனையைத் தானே பிடித்துக்கொண்டா. இடைவெளி ஐந்தரை. மெத்தை நாலு பக்கமும் ஒட்டி நின்றது. இறக்குகிற பக்கம் எதுவும் இல்லை. தேக்கு நிறத்தில், கூர் எங்கும் நீட்டாமல், அசையாமல் நின்றது. அவன் குனிந்து ஒவ்வொரு ஆணியாகத் தடவினான். தொட்டிலின் ஒரு காலைத் தூக்கி வைத்து உலுப்பினான்.

"இவ்வளவு கவனமாப் பாக்கிற தகப்பனை நான் காணேல்ல" என்றா ரீச்சர். "முதல் பிள்ளையோ?"

"ஓம்" என்றான் கிருபன்.

வாயில் அது தானாகவே வந்துவிட்டது. திருத்திச் சொல்லவும் முடியவில்லை. தொட்டிலைக் கழற்றி, ஒரு சின்னப் பட்டா லொறி பிடித்து ஏற்றி, சாரதிக்குப் பக்கத்தில் ஏறி இருந்த பிறகும் அந்த ஓம் நெஞ்சுக்குள் முள்ளாகக் குத்தியது. மாங்குளம் தாண்டும் வரைக்கும் சாரதி நெல் விலை கதைத்துக்கொண்டு வந்தான். கிருபன் ம் கொட்டினான். லக்ஷனை இல்லையென்று சொல்லிவிட்டோம் என்பதைத் தவிர அவனுடைய தலைக்குள் வேறொன்றும் இருக்கவில்லை.

வீட்டில் அவன் தொட்டிலைப் பூட்டி முடிக்கும்வரை சாரங்கா கதவு நிலையில் சாய்ந்து நின்று பார்த்தாள். பிள்ளை தோளில் கிடந்தாள். பூட்டி முடித்ததும் கிட்ட வந்து, வெறுங்கையை விரித்து மெத்தையை அமத்திப் பார்த்தாள். சட்டங்களுக்கு நடுவில் தன் மூன்று விரலை விட்டு எடுத்தாள். குனிந்து அடியில் பார்த்தாள். அவன் பரீட்சைத் தாள் கொடுத்துவிட்டு நிற்கிறவன்போல நின்றான்.

"நல்ல தொட்டில்" என்றாள்.

"எல்லாம் மிஸ் எழுதித் தந்தபடிதான்."

"இதுக்குள்ள வளத்தினா ஒண்டும் நடக்காது எண்டு மிஸ் சொன்னவாவோ?"

கிருபன் பொய் சொல்லப் பார்த்தான். சாரங்கா அவனுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆபத்து நல்லாக் குறையும் எண்டு சொன்னவா."

"குறையும்."

"ஓம். நல்லாக் குறையும்."

அவள் தலையை ஆட்டினாள். பிறகு பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு கதிரையில் போய் இருந்தாள்.

பத்து நாள் தொட்டில் வெறுமையாகக் கிடந்தது. பக்கத்து வீட்டுத் தங்கம்மா வந்து பார்த்துவிட்டு, "கொழும்புச் சாமானோ? ராசாத்தி குடுத்து வச்சவள்" என்றுவிட்டுப் போனா. கிருபன் ஒவ்வொரு நாளும் தூசு தட்டி விரிப்பை இழுத்துவிட்டான். நல்லவிதமாகச் சொல்லிப் பார்த்தான். கெஞ்சிப் பார்த்தான். ஒருநாள் கோபப்பட்டும் விட்டான்.

"நான் இவ்வளவு அலைஞ்சு கொண்டந்தது என்னத்துக்கு? நீ கதிரையில நித்திரையாகி அவளை விழுத்தத்தான் போறாய்."

"தெரியும்" என்றாள் சாரங்கா. "எனக்கும் தெரியும். கை விடுதில்லை, என்ன செய்ய?"

அவளுடைய கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது. அதற்குப் பிறகு அவன் சத்தம் போடவில்லை. தானும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, அவள் கண் மூடும்போது தான் விழித்திருப்பதென்று வைத்துக்கொண்டான். வேலைக்குப் போகிற நேரங்களில் தங்கம்மா வந்து இருந்தா. பயம் சாரங்காவுக்குத்தான், தனக்கு இல்லை, தான் அளந்து பார்த்து எடுத்தவன் என்று அந்த நாட்களில் அவன் உண்மையாகவே நம்பினான்.

பிள்ளைக்கு முப்பத்து நாலாம் நாள் சாரங்காவுக்குக் காய்ச்சல் பிடித்தது. மழை விட்டு நுளம்பு பெருகியிருந்த காலம். மூன்றாம் நாள் இரத்தம் சோதித்தார்கள். டெங்கு. பிளேற்லற் இறங்கிக்கொண்டே போனது. மறுநாள் காலையில், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும், அங்கே மணித்தியாலத்துக்கு ஒருதரம் பார்க்கிற விடுதியில்தான் வைத்திருப்பார்கள், பிள்ளையை அதற்குள் விடமாட்டார்கள் என்று வைத்தியர் சொன்னார். பால்மா எழுதித் தந்தார். சாரங்காவின் அக்கா நாயாற்றிலிருந்து வெளிக்கிட்டுவிட்டா, பஸ் மாறி மாறி வந்துசேரப் பின்னேரமாகும். தங்கம்மாவும் மகளின் வீட்டுக்குப் போயிருந்தா.

அம்புலன்சுக்குள் படுத்திருந்த சாரங்கா பிள்ளையை அவனுடைய கையில் கொடுத்தாள். தான் கொடுக்கிறோமென்று அவளுக்கே தெரியாததுபோல இருந்தது. பிறகு அவனுடைய சேட்டுக் கையை எட்டிப் பிடித்தாள். விரல்கள் நெருப்பாகச் சுட்டன.

"தொட்டில்லயே வளத்துங்கோ" என்றாள். "மூண்டு நாளா நீங்கள் கண் மூடேல்ல. கையில வச்சுக்கொண்டு நித்திரையாகிப் போயிடாதேங்கோ. தொட்டில்ல வளத்துங்கோ, என்ன?"

"ஓம், ஓம். நீ யோசியாமப் போ."

வீட்டுக்கு வந்தபோது பத்து மணி. பால் கரைத்துக் கொடுத்தான். தோளில் போட்டு ஏவறை எடுக்கத் தட்டினான். பிள்ளை கண் சொருகினாள். மிஸ் எழுதிய தாளை இன்னொரு தரம் வாசித்தான், வாசிக்கத் தேவை இல்லாமலே. பிறகு அவளை மல்லாக்காக மெத்தையில் வளர்த்தி, வலையை வெளியே இழுத்துக் கட்டினான். பிள்ளை ஒருதரம் கையை உதறிவிட்டு அமைதியானாள். கிருபன் இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தான்.

எல்லாம் அளவாக இருந்தது. பிள்ளை அசையாமல் கிடந்தாள். வெளியே ஒரு மோட்டர் சைக்கிள் போனது. அந்தச் சத்தம் அடங்கியதும் அறைக்குள் எந்தச் சத்தமும் இல்லை. அந்த அமைதி அவனுக்குத் தெரிந்த அமைதி. அவனுடைய கை தானாகவே போய் வலையைத் தூக்கியது. பிள்ளை அவனுடைய நெஞ்சில் திடுக்கிட்டு விழித்து வீறிட்டாள். அழுகிறாள், அழுகிறாள் என்று அவன் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு அறைக்குள் நடந்தான்.

மறுபடி நித்திரையாக்கி மறுபடி வளர்த்தினான். இந்தத் தரம் முப்பது வரைக்கும் எண்ணுவதென்று வைத்துக்கொண்டான். பதினேழில் தூக்கிவிட்டான். மூன்றாவது தரம் தொட்டிலுக்கு மேலே குனிந்தவன், கையைப் பிள்ளையின் முதுகுக்குக் கீழிருந்து எடுக்க முடியாமல் அப்படியே வளைந்து நின்றான். முதுகும் நாரியும் வெடிக்கும்போல நொந்தன. கையை எடு என்று தனக்குத்தானே சொன்னான். எடுக்க முடியவில்லை.

கை விடுதில்லை என்று சாரங்கா சொன்னதற்கு அவன் கோபப்பட்டிருந்தான்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அவன் ஏணையைத் தாண்டிப் போயிருந்தான். ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவில் இருக்கும், குசினிக்குத் தண்ணீர் குடிக்கப் போனவன். ஏணை ஆடாமல் நின்றது. அவன் குனிந்து பார்க்கவில்லை. அப்பாடா, நித்திரையாகிட்டான், கொஞ்ச நேரம் ஆறலாம் என்று நினைத்தான். சந்தோசப்பட்டான். திரும்பி வந்து கதிரையில் சாய்ந்தான். அப்போது மூச்சு இருந்ததா இல்லையா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. விசாரணை அதிகாரி கேட்டபோது, கடைசியாகப் பன்னிரண்டரைக்குப் பார்த்தனான் என்றுதான் சொன்னான். அதுவும் பொய் இல்லை. பார்த்தது பன்னிரண்டரைக்குத்தான். பிறகு அவன் பார்க்கவில்லை.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கதிரையில் இருந்தான். கொஞ்ச நேரம் மட்டும் என்றுதான் இருந்தான். முழங்கை கதிரைக் கையில் இடித்ததில் விழித்தான். பிள்ளை அவனுடைய கைகளுக்குள் இருந்து வழுகி, தலை பின்னால் தொங்க, ஒரு கால் மட்டும் அவனுடைய விரல்களுக்குள் அகப்பட்டுக் கிடந்தாள். சுவரில் மணி ஒன்றரை. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தாள் என்று அவனுக்குத் தெரியாது. அவள் அழக்கூட இல்லை. கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் எழுந்து போய் அவளைத் தொட்டிலில் வளர்த்தினான். நம்பிக்கை வந்து வளர்த்தவில்லை. பூமியில் அவளை வைக்க வேறு இடம் இருக்கவில்லை. பிறகு சீமெந்து நிலத்தில் முழங்கால் போட்டு, முகத்தைச் சட்டங்களில் வைத்து, அவளுடைய வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். நித்திரை வரும்போதெல்லாம் நெற்றியைச் சட்டத்தில் இடித்துக்கொண்டான்.

மூன்று மணிக்குப் பிறகு சாரங்கா ஆஸ்பத்திரியிலிருந்து கோல் எடுத்தாள். பக்கத்துக் கட்டில்காரியின் போன். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

"பிள்ளை எங்க?"

"தொட்டில்ல."

"மூச்சு விடுறாளோ?"

"ஓம். பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்." பிறகு, சொல்ல நினைக்காமலே சொன்னான். "சாரங்கா, அண்டைக்கு நான் ஏணைக்குப் பக்கத்தால போனனான். தண்ணி குடிக்க. நான் உள்ளுக்குப் பாக்கேல்ல. நித்திரை எண்டு நினைச்சனான்."

மறுபக்கத்தில் ஏதோ இயந்திரம் விட்டு விட்டுக் கீச்சிட்டது. யாரோ ஒருவர் தாதியைக் கூப்பிட்டார். அவன் போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தான். சாரங்கா மூச்சு விடுவது கேட்டது.

"எத்தினை அவுன்ஸ் குடிச்சவள்?" என்றாள் கடைசியில்.

"ரெண்டரை."

"அது காணாது. எழும்பினா இன்னொருக்காக் குடுத்துப் பாருங்கோ."

அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

பின்னேரம் அக்கா சுமித்திரா வந்து சேர்ந்தா. கிருபன் அதே இடத்தில் முழங்கால் போட்டபடியே இருந்தான். அவனுடைய நெற்றியில் இரண்டு சிவப்புக் கோடுகள் பதிந்திருந்ததைப் பார்த்து அவ பயந்து போனா.

சாரங்கா ஆறாம் நாள் வீடு திரும்பினாள். அரைவாசியாகிப் போயிருந்தாள், பிள்ளையை நெடுநேரம் தூக்கி வைத்திருக்க உடம்பில் பலமில்லை. அதனால் பிள்ளை பெரும்பாலும் தொட்டிலிலேயே கிடந்தாள். மிஸ் வந்து பார்த்துச் சந்தோசப்பட்டு, இப்பத்தான் சரி என்றா. ஆனால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒருபோதும் கண் மூடவில்லை என்பது மிஸ்ஸுக்குத் தெரியாது. கிருபன் தூரத்து வேலைகளை விட்டுவிட்டான். போனில் சொன்னதைப் பற்றிச் சாரங்கா பிறகு எதுவும் கேட்கவில்லை. மன்னித்துவிட்டாளா, அல்லது அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் வைத்திருக்கிறாளா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்கவும் துணிவு வரவில்லை.

நூற்றி ஆறாம் நாள் ஒரு வியாழக்கிழமை. அதைப் பற்றி இருவரும் கதைக்கவில்லை, ஆனால் கிருபன் வேலைக்குப் போகவில்லை, சாரங்கா அடுப்பு மூட்டவில்லை. கடையில் வாங்கிய பாணைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டார்கள். பிள்ளை நித்திரை கொண்டாள், எழும்பினாள், பால் குடித்தாள், கத்தினாள், தன் கைவிரல்களைப் பார்த்துச் சிரித்தாள். மத்தியானம் ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவில் அவள் நித்திரையாக இருந்தாள். அந்த ஒரு மணித்தியாலமும் சாரங்கா கிருபனுடைய மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். விட்டபோது நகங்களின் அடையாளம் இருந்தது.

மறுநாள் காலையில் பிள்ளையைக் குளிப்பாட்டித் துடைத்துக்கொண்டிருந்த சாரங்கா, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"இண்டையில இருந்து இவள் அண்ணையைவிட மூத்தவள்."

கிருபன் துவாயை வாங்கிக் கொடியில் விரித்தான். துணுக்காயில் ஒரு குளியலறை பாதியில் கிடந்தது, வீட்டுக்காரர் மூன்று தரம் போன் எடுத்துவிட்டார். ஒரு வயது வரைக்கும் கவனம் என்று மிஸ் சொல்லியிருந்தா. அதற்கு இன்னும் இருநூற்றி ஐம்பத்தெட்டு நாள் இருந்தது. அவன் உள்ளே போய்த் தொட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டான்.

"நீ கொஞ்சம் படு" என்றான். "நான் பாக்கிறன்."